வால்மீன் எவ்வளவு பிரகாசம்? பினாங்கிலிருந்து பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 அக்டோபர் 15, மாலை 7.45. பாலிக் புலாவ் பக்கம் பாசிர் பாஞ்சாங் கடற்கரை. சூரியன் மலாக்கா நீரிணையில் இறங்கி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மேற்கே, இடது கைப்பக்கம் வெள்ளி பளிச்சென்று நின்றது. அதே உயரத்தில், வலப்பக்கமாக, நீட்டிய கையின் மூடிய முட்டி இரண்டு அளவு தள்ளி, சுச்சின்ஷான்–அட்லஸ் வால்மீன்.

கூட வந்திருந்த அக்கா மகள் கேட்டாள்: “மாமா, அது பிளேன் விட்ட புகை இல்லையா?”

“இல்லம்மா. பத்து நிமிஷம் அப்படியே பாரு. பிளேன் புகைன்னா கலைஞ்சு போயிடும். இது வெள்ளி கூடவே மெதுவா இறங்கும்.”

இறங்கியது. அவளுக்கு நம்பிக்கை வந்தது. நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். ஆனால் எழுதுவதற்கு முன்னால் கைப்பேசியைத் திறந்து, அன்றைக்கு அதன் பிரகாசத்துக்கு மற்றவர்கள் என்ன எண் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டாள். அதன் பிறகு அவள் கண்ணுக்கும் அதே எண்தான் தெரிந்தது.

வால்மீனின் ஒளியைக் குறித்து வைப்பவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது இதுதான் என்பேன். மற்றத் தவறுகளைக் கணக்குப் போட்டுத் திருத்தலாம். விடையைத் தெரிந்துகொண்டு பார்த்த பார்வையைத் திருத்த வழியே இல்லை. எண்ணைப் படித்த பிறகு, நம்மை அறியாமலே அதற்கு ஏற்றபடி மங்கலாகவோ பிரகாசமாகவோ மதிப்பிடுகிறோம். அப்படி எழுதிய குறிப்பு ஏற்கெனவே இருந்த ஒன்றின் நகல். அதனால் யாருக்கும் பயன் இல்லை.

செயலியில் வரும் எண்ணையும் இதே காரணத்துக்காகத் தள்ளி வைக்க வேண்டும். ஸ்டெல்லேரியம் போன்றவை வால்மீன் இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லும். ஒளியைப் பற்றி அவை சொல்வது வெறும் கணிப்பு. சூத்திரம் எளிமையானது: வால்மீனுக்கும் நமக்கும் உள்ள தூரம், வால்மீனுக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம், இரண்டையும் வைத்துக் கணக்கிடுவார்கள். ஒரு சிறுகோள் சூரியனை நெருங்கி, தூரம் பாதியானால் நான்கு மடங்கு பிரகாசிக்கும். வால்மீனின் பனி வெப்பத்தில் ஆவியாகித் தூசியையும் வாயுவையும் கொட்டுவதால், அதே பாதி தூரத்துக்குப் பதினாறு மடங்கு என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் எந்த வால்மீனும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை.

1973-ல் கோஹூடெக் பெரும் எதிர்பார்ப்போடு வந்து, சொன்ன அளவுக்குப் பிரகாசிக்காமல் போனது. 2013-ல் ஐசானை நூற்றாண்டின் வால்மீன் என்றார்கள். நவம்பர் 28 அன்று சூரியனைச் சுற்றும்போதே அது சிதறிப் போனது. இதற்கு நேர்மாறானது ஹோம்ஸ். 2007 அக்டோபரில், பெரிய தொலைநோக்கியில் மட்டும் தெரிந்துகொண்டிருந்த அந்த மங்கல் வால்மீன், இரண்டே நாளில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மடங்கு பிரகாசமாகி வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. எந்தச் சூத்திரமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. சுச்சின்ஷான்–அட்லஸ்கூட 2024 அக்டோபர் 9-ஐ ஒட்டித் திடீரென்று பல மடங்கு பிரகாசித்தது. அந்நாள்களில் அது நமக்கும் சூரியனுக்கும் இடையில் வந்திருந்தது. அதன் தூசி சூரிய ஒளியை நம்மை நோக்கித் தள்ளியது. எதிர்வெயிலில் சிலந்தி வலை மின்னுவது போல. வால்மீன் கூடுதலாக எதையும் கக்கிவிடவில்லை.

ஆகவே, பார்த்து எழுதி முடித்த பிறகு மற்றவர்களின் எண்ணைத் திறந்து பாருங்கள். அதற்கு முன் வேண்டாம்.

எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

வானியலில் ஒளியை மேக்னிட்யூட் என்ற எண்ணால் சொல்கிறோம். எண் கூடக்கூட ஒளி குறையும். ஒரு எண் வித்தியாசம் என்றால் சுமார் இரண்டரை மடங்கு. ஐந்து என்றால் சரியாக நூறு மடங்கு. வால்மீனின் எண்ணைக் கண்டுபிடிக்க, எண் தெரிந்த விண்மீன்களோடு அதை ஒப்பிட வேண்டும். எந்த விண்மீனைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள்.

நானும் வழுக்கினேன். பாசிர் பாஞ்சாங்குக்கு முந்தின நாள், அக்டோபர் 14 மாலை, வடமேற்கில் சுவாதி நட்சத்திரம் தெரிந்தது. அதன் எண் பூஜ்யம் என்பது எனக்கு மனப்பாடம். வால்மீன் அதைவிடச் சற்றுப் பிரகாசமாகப் பட்டது. பூஜ்யத்துக்கும் கீழே ஓர் எண்ணை எழுதி வைத்துவிட்டு மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில்தான் உறைத்தது: சுவாதி அப்போது அடிவானத்திலிருந்து ஆறேழு பாகை உயரத்தில்தான் இருந்தது. வால்மீன் அதைப் போல் இரண்டு மடங்கு உயரத்தில் நின்றது.

அடிவானத்தை ஒட்டி வரும் ஒளி, தலைக்கு நேரே வருவதைவிட எட்டு மடங்கு காற்றைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். நம் கடற்கரையின் ஈரக் காற்றில் அந்த உயரத்தில் இரண்டு மேக்னிட்யூடுக்கு மேலேயே கரைந்து போகும். நான் ஒப்பிட்டது சுவாதியோடு அல்ல, கரைந்துபோன சுவாதியோடு. என் எண்ணில் ஒரு மேக்னிட்யூடுக்கும் அதிகமான பிழை.

அன்றைய மாலையில் சிக்கவைக்கும் இன்னொரு பொறி கேட்டை நட்சத்திரம். தென்மேற்கில், நல்ல உயரத்தில், ஏறத்தாழ ஒன்று என்ற எண்ணோடு வசதியாக நிற்கும். ஆனால் அது செக்கச் சிவந்த விண்மீன். மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்குச் சிவப்பை மதிப்பிடத் தெரியாது. உற்றுப் பார்க்கப் பார்க்க அது பிரகாசம் கூடுவது போல் தோன்றும். பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு வேறு மாதிரி படும்.

அப்படியானால் எதை எடுப்பது? வெள்ளை நிற விண்மீன், வால்மீனின் உயரத்திலேயே இருப்பது. 15-ஆம் தேதி வட மகுடத்தில் அல்பெக்கா கிடைத்தது: எண் 2.2, வெள்ளை, ஏறத்தாழ அதே உயரம். துலாம் பகுதியில் 2.6 எண்ணுள்ள இன்னொரு வெள்ளை விண்மீனும் இருந்தது. வால்மீன் இரண்டையும்விடப் பிரகாசமாக இருந்ததால், மேல் எல்லைக்குத் தலைக்கு அருகில் இருந்த திருவோணத்தை (0.8) எடுத்து, உயர வித்தியாசத்தால் கரையும் ஒளியைக் கணக்கில் சேர்த்தோம். ஒரே விண்மீனோடு ஒப்பிட்டு எழுதிவிடாதீர்கள். வால்மீனைவிடச் சற்றுப் பிரகாசமானது ஒன்று, சற்று மங்கலானது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். 6.2-க்கும் 7.2-க்கும் நடுவில், பிரகாசமானதை ஒட்டிப் பத்தில் மூன்று பங்கு தூரத்தில் இருந்தால் 6.5. அவ்வளவுதான் கணக்கு.

இன்னொரு சிக்கல் உண்டு. விண்மீன் ஒரு புள்ளி, வால்மீன் பஞ்சு. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் பஞ்சு எப்போதும் மங்கலாகவே படும். பைனாகுலரில் பார்ப்பவர்கள், முதலில் வால்மீனைத் தெளிவாகப் பார்த்து அதன் ஒளியை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு விண்மீனுக்குத் திருப்பி, அது வால்மீனின் தலை அளவுக்கு உப்பும்வரை ஃபோகஸைக் கலைக்க வேண்டும். பிறகு ஒப்பிட வேண்டும். வெறுங்கண்ணுக்கே தெரியும் வால்மீன் என்றால், கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு ஒரு வசதி: கண்ணாடியைக் கழற்றினால் விண்மீன்களும் பஞ்சாகிவிடும். இதைச் செய்து பார்த்தபோது அக்கா மகளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. வகுப்பில் கண்ணாடிக்காகக் கேலிக்கு ஆளாகிற பிள்ளை அவள்.

பெரிய கருவி இருந்தால் நல்லது என்று நினைப்பதும் இந்த வேலைக்குப் பொருந்தாது. உருப்பெருக்கம் கூடினால் வால்மீனின் வெளிப்புற மங்கல் ஒளி பின்னணியில் கலந்து மறைந்துவிடும். எண் மங்கலாகவே வரும். வால்மீன் நன்றாகத் தெரிகிற மிகச் சிறிய கருவி எதுவோ, அதை எடுங்கள். பெரும்பாலும் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் (ஏழு அல்லது பத்து மடங்கு பெருக்கம், 50 மி.மீ. முகப்பு) போதும். எந்தக் கருவி என்பதையும் எழுதி வையுங்கள்.

“மேக்னிட்யூட் ஆறு, வெறுங்கண்ணுக்குத் தெரியும்” என்று படித்துவிட்டு ஜெலுத்தோங் அடுக்குமாடி மாடியில் தேடி ஏமாறுகிறவர்கள் நிறைய. அந்த ஆறு என்பது மொத்த ஒளி. ஒரு கரண்டி மாவை ஒரே இடத்தில் கொட்டினால் தெரியும். மேசை முழுக்கத் தூவினால் தெரியாது. இதற்குப் பழக, அக்டோபர், நவம்பர் மாலைகளில் வடக்கே ஏறிவரும் ஆந்திரமேதா விண்மீன் மண்டலத்தை, அதாவது கேலக்ஸியை, தேடிப் பாருங்கள். அதன் எண் 3.4. அதே எண்ணுள்ள விண்மீன் பளிச்சென்று தெரியும் இடத்தில் அது எவ்வளவு மங்கலாகப் படுகிறது என்று கண்டால், வால்மீனிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று கண்ணே கற்றுக்கொள்ளும்.

இடமும் நேரமும்

மாலை வால்மீனுக்கு ஜார்ஜ்டவுன் ஏற்ற இடமல்ல. மேற்கே மலைத்தொடர் நிற்கிறது. ஆயர் ஈத்தாமிலிருந்து பார்த்தால் சூரியன் மறைகிற இடமே மலைக்குப் பின்னால் போய்விடும். தீவின் மறுபுறம் போக வேண்டும். ஷேக் தாஹிர் வானியல் மையம் இருக்கும் பந்தாய் ஆச்சே பக்கம் பிறை பார்க்கிறார்கள். பிறைக்கு ஏற்ற மேற்கு அடிவானம் மாலை வால்மீனுக்கும் ஏற்றது. விடியற்காலை வால்மீனுக்குக் கிழக்குக் கடலோரம் போகலாம்; ஆனால் பட்டர்வொர்த் விளக்குகளைத் தாண்டித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஐரோப்பா போன்ற வடக்கத்திய நாடுகளில் எழுதிய வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றாதீர்கள். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை பாகைதான் தள்ளி இருக்கிறோம். இங்கே சூரியன் செங்குத்தாக விழும். அந்தி சட்டென்று முடியும். “சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்” என்று ஐரோப்பியர் சொன்னால், அதற்குள் இங்கே தாழ்வான வால்மீன் கடலுக்குள் போயிருக்கும். மறைந்து முப்பத்தைந்து நிமிடத்திலிருந்தே தேடத் தொடங்குங்கள். அவர்கள் படத்தில் சாய்ந்திருக்கும் வால் இங்கே வேறு கோணத்தில் நிற்கும்.

நேரத்தை எழுதுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. உலகப் பொது நேரத்தைவிட மலேசியா எட்டு மணி நேரம் முன்னால். மாலைக் குறிப்பில் தேதி மாறாது. ஆனால் அக்டோபர் 2 காலை 6.15-க்குப் பார்த்தது, பொது நேரப்படி அக்டோபர் 1 இரவு 10.15. மணியை நாளின் பின்னமாக எழுதும் வானியலார் பதிவில் இது அக்டோபர் 1.93. தேதியை மாற்ற மறந்தால் உங்கள் புள்ளி வரைபடத்தில் ஒரு நாள் தள்ளி விழும். வேகமாக மாறும் வால்மீனுக்கு ஒரு நாள் என்பது பெரிய விஷயம்.

கைப்பேசித் திரை கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்கும். மீண்டும் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். சிவப்புத் தாள் ஒட்டிய சின்ன டார்ச் போதும். கைப்பேசிப் படத்தில் தெரியும் பச்சைத் தலையையும் நீண்ட வாலையும் கண்ணில் தேட வேண்டாம். கேமரா பல வினாடி ஒளியைச் சேர்த்து வைக்கிறது. வாலின் நீளத்தை நீட்டிய கையால் அளங்கள்: முட்டி பத்து பாகை, சுண்டுவிரல் ஒரு பாகை.

புகைமூட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சுமத்ரா பக்கமிருந்து புகை வரும் மாதங்களில் வானம் தெளிவாக இருப்பது போலவே இருக்கும், ஆனால் அடிவானத்தில் ஒளி இன்னும் வேகமாகக் கரையும். வால்மீனுக்குத் தூமகேது என்றொரு பழைய பெயர் உண்டு, புகையைக் கொடியாக உடையது என்று பொருள். நமக்கோ அந்தக் கொடியையே புகை மறைக்கிறது. அப்படிப்பட்ட நாளில் ஒரே உயரத்து விண்மீன்கள் கிடைக்கவில்லை என்றால் எண் எழுதாதீர்கள். “புகைமூட்டம், மதிப்பிடவில்லை” என்று எழுதுங்கள்.

செய்தித்தாளில் படம் வரும் வாரத்தில் கடற்கரை நிறைய கூட்டம். அடுத்த வாரம் யாரும் இல்லை. ஆனால் ஏறும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வால்மீனைப் புரிந்துகொள்ள முடியாது. இறங்கும்போது எந்த வேகத்தில் மங்குகிறது என்பதைப் பார்த்தால்தான், பனி தீர்ந்துபோனதா, உடைந்துகொண்டிருக்கிறதா, இன்னும் கக்கிக்கொண்டிருக்கிறதா என்று தெரியும். ஸ்லோவேனியாவிலிருந்து நடத்தப்படும் கோப்ஸ் தரவுத்தளத்துக்கு உலகெங்குமிருந்து ஆர்வலர்கள் அனுப்பும் எண்களில், மங்கும் காலத்து எண்களுக்குத் தனி மதிப்பு உண்டு.

நவம்பர் 24 அன்று மறுபடி போனோம். நிலா இல்லாத மாலை. வால்மீன் கழுகு விண்மீன் கூட்டத்தில், நல்ல உயரத்தில் இருக்க வேண்டும். பைனாகுலரைக் கைமாற்றி கைமாற்றி அரை மணி நேரம் தேடினோம். தெரியவில்லை. அக்கா மகள் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு நோட்டை மூடப் போனாள்.

“எழுதும்மா. பார்க்காததையும் எழுதணும்.”

அந்த இடத்தைச் சுற்றி எவ்வளவு மங்கலான விண்மீன் வரை தெரிகிறது என்று படத்தை வைத்துச் சரிபார்த்தாள். அதற்குப் பத்து நிமிடம் ஆனது. பிறகு சிவப்பு டார்ச்சின் வெளிச்சத்தில் எழுதினாள்: “நவம்பர் 24.50. வால்மீன் தெரியவில்லை. அருகில் 7.8 வரை விண்மீன்கள் தெரிந்தன. 10×50. மெல்லிய மேகம், தெற்கே மின்னல்.”