நியூ அல்மேடன் பாதரசச் சுரங்கம்: வரலாறு பேசுபவர்கள் சறுக்கும் இடங்கள்

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இருக்கும் நம்மாட்கள் பலர் வார இறுதியில் நடக்கப் போகும் அல்மேடன் குவிக்சில்வர் பூங்காதான் அந்தச் சுரங்கம் இருந்த இடம், ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே அதிகப் பாதரசம் கொடுத்த இடம். அதன் வரலாற்றைப் பேசும்போது பலரும் முதலில் சறுக்குவது, தங்க வேட்டை வந்ததால்தான் சுரங்கம் வந்தது என்று சொல்வதில். ஆந்திரேஸ் காஸ்தியேரோ என்ற மெக்சிகோ ராணுவ அதிகாரி 1845-லேயே இங்கே பாதரசம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். கலிபோர்னியாவில் தங்கம் கண்ணில் பட்டது 1848 ஜனவரியில். அவருக்கும் முன்பே ஓலோனி பழங்குடியினர் அந்தச் சிவப்பு மண்ணை எடுத்து உடம்பில் பூசிக்கொண்டிருந்தார்கள். தங்க வேட்டை செய்தது, ஏற்கனவே இருந்த சுரங்கத்துக்குப் பெரிய சந்தையைத் திறந்துவிட்டதுதான், ஏனென்றால் மணலில் கலந்த தங்கத் துகளைப் பிடித்து வைக்கப் பாதரசம் வேண்டும்.

அடுத்தது, பாறைக்குள் பாதரசம் குளம் மாதிரி தேங்கி நின்றது, மொண்டு எடுத்தார்கள் என்ற கற்பனை. தோண்டியது சாதிலிங்கப் பாறையை, அதாவது கந்தகத்தோடு சேர்ந்த பாதரசத்தை. அதை உலையில் சுட்டு, ஆவியைக் குளிர்வித்தால்தான் உலோகம் கிடைக்கும். ஆரம்பத்தில் திமிங்கிலக் கொழுப்பு காய்ச்சும் கொப்பரைகளைக் கவிழ்த்துப் போட்டே இந்த வேலையை நடத்தினார்கள்! அப்புறம் பெரிய உலைகள் வந்தன. அவற்றிலும் தூள் தாதைக் கொட்டினால் காற்றுப் போகும் வழி அடைத்துக்கொள்ளும், அதனால் தூளைக் குழைத்து மண்கல் மாதிரி அச்சுப்போட்டு, காயவைத்து, பிறகு சுட வேண்டியிருந்தது. 1870-களில் ஸ்காட் உலை வந்த பிறகுதான் தூளையே நேராகப் போட்டு, இடைவிடாமல் எரிக்க முடிந்தது. முதலில் தாதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருந்தது, பின்னாளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு என்று இறங்கிவிட்டது. அந்த ஏழைத் தாதை வைத்தும் தொழிலை ஓட்ட முடிந்ததில் இந்த உலைக்குப் பெரிய பங்கு உண்டு. சுரங்க வாயில்களை மட்டும் படம்பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள் என்பேன்.

விஷம் பற்றிப் பேசும்போதும் இதே கோளாறுதான். கீழே தோண்டியவர்களுக்குப் பாறைச் சரிவு, தூசி என்று ஆபத்து இல்லாமல் இல்லை, ஆனால் பாதரச விஷம் அதிகம் தாக்கியது உலைக்காரர்களை, அதிலும் குளிர்விக்கும் அறைகளில் புகுந்து கரியைச் சுரண்டியவர்களை. எச்சில் ஒழுகும், ஈறு வீங்கும், கை நடுங்கும்.

பழைய கணக்கில் 'ஃபிளாஸ்க்' என்று கண்டால் ஏதோ கண்ணாடிக் குப்பி என்று நினைத்து லிட்டரில் மாற்ற வேண்டாம். அது இரும்புக் குடுவை, உள்ளே சுமார் 76 பவுண்டு, அதாவது 34.5 கிலோ பாதரசம். அளந்தால் இரண்டரை லிட்டர்தான் வரும். அதேபோல, வெறும் 'அல்மாதேன்' என்றால் ஸ்பெயினில் இருக்கும் பழைய சுரங்கம், இது அதன் பெயரைக் கடன் வாங்கியது. 1863-ல் லிங்கன் இந்தச் சுரங்கத்தைப் பிடுங்கிக்கொண்டார் என்றும் எழுதுகிறார்கள்; கைப்பற்றச் சொல்லி உத்தரவு போட்டது உண்மைதான், மாநிலமே கொதித்ததும் நிறுத்திவைத்துவிட்டார்.

கடைசியாக, 1970-களில் சுரங்கம் ஓய்ந்ததும் பாதரசமும் போய்விட்டது என்ற நினைப்பு. சுட்டு எறிந்த கழிவுக் கல்லிலும் பாதரசம் மிச்சம் இருக்கும். அது மழையில் அரித்துக்கொண்டு போய், ஓடைகள் வழியாகக் குவாடலூப்பே ஆற்றில் கலந்து, சான் பிரான்சிஸ்கோ விரிகுடா வரை போகிறது. அங்குள்ள நீர்த்தேக்கங்களின் அடியில் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக, அதாவது உயிர்களின் உடம்பில் எளிதில் சேரும் விஷ வடிவமாக மாற்ற, மீனின் உடம்பில் ஏறிவிடுகிறது. அங்கே தூண்டில் போடுகிறவர்கள் பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும், குழம்பு வைக்க எடுத்துப் போகக் கூடாது.