புதுச்சேரியிலிருந்து பாரீசுக்கு: வான்தொலைவையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

பிரான்சில் வாழும் பிள்ளைகளைக் காண முதன்முறையாகப் புறப்படும் புதுச்சேரிப் பெற்றோர் பலர், பயணச்சீட்டில் உள்ள புறப்பாட்டு நேரத்தை வருகை நேரத்திலிருந்து அப்படியே கழித்துப் பார்க்கிறார்கள். அந்த இரு நேரங்களும் இரு வேறு ஊர்க் கடிகாரங்களுக்கு உரியவை என்பதால், விடை தவறாகவே வரும்.

முதலில், விமானம் ஏறும் சென்னையிலிருந்து பாரீஸ் வரையிலான தொலைவு. உலக உருண்டை ஒன்றில் சென்னைக்கும் பாரீசுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்து, அதே நீளத்தை நிலநடுக்கோட்டின் மேல் வைத்தால் ஏறத்தாழ 72 பாகை வரும். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் எனப் பெருக்கினால் சுமார் 8,000 கிலோமீட்டர். நுட்பமான கணக்கில் 8,020. தட்டையான வரைபடத்தில் கோடு இழுத்தால் அது பாரசீக வளைகுடாவின் மேல் போகும். நூலோ காஸ்பியன் கடலின் தென்கரையை ஒட்டிச் செல்லும். நூல் காட்டுவதே மெய்யான குறுக்குவழி. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை செய்து காட்டினால் பூமி உருண்டை என்பதன் பொருள் கையிலேயே விளங்கிவிடும்.

தொலைவை, விமானத்தின் மணி வேகமாக 900 கிலோமீட்டரைக் கொண்டு வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் நேரடிப் பறப்புக்கு ஒன்பதரை மணி நேரம் கிடைக்கும். உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்றை எதிர்த்துச் செல்வதாலும், சில நாடுகளின் வான்வெளியைச் சுற்றிப் போக நேர்வதாலும் இது மேலும் கூடும். துபாய் வழியாகச் சென்றால் தொலைவு 2,930, 5,240 என இரு பகுதிகளாகி, மொத்தத்தில் 150 கிலோமீட்டர் மட்டுமே அதிகமாகும். நேரத்தை நீட்டுவது அங்கே காத்திருப்பதுதான்.

இனிக் கடிகாரம். பாரீஸ் நேரம் நமக்குக் குளிர்காலத்தில் நாலரை மணியும், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணியும் பிந்தியது. எடுத்துக்காட்டாக, மே 10 அதிகாலை 4.00 மணிக்குச் சென்னையில் புறப்பட்டுப் பிற்பகல் 2.30 மணிக்குப் பாரீசில் இறங்குவதாகச் சீட்டு இருந்தால், கழித்தால் பத்தரை மணி என்றே தோன்றும். வருகை நேரத்தோடு மூன்றரை மணியைக் கூட்டி இந்திய நேரமாக்கினால் மாலை 6.00, ஆகவே பயணம் 14 மணி நேரம்.

இலாசுப்பேட்டை விமான நிலையத்தில் சிறு விமானங்களே இறங்க முடியும் என்பதால், சென்னை வரை உள்ள சாலைப் பயணத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையானாலும் திண்டிவனம் வழியானாலும் மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டு, விமானத்துக்கு மூன்று மணி முன்னதாகப் போய்ச் சேர்வது நல்லது. அப்படியானால் வீட்டை விட்டுக் கிளம்புவது மே 9 இரவு 10.00 மணிக்கே; வாசலிலிருந்து பாரீசில் தரையிறங்கும் வரை இருபது மணி நேரம். முதியவர்களின் மருந்துகளையும் உணவையும் இந்த எண்ணைக் கொண்டே திட்டமிடுங்கள்.

திரும்பி வரும்போது காற்று துணை நிற்பதால் பறக்கும் நேரம் பொதுவாகக் குறையும். ஆனால் கடிகாரம் முன்னோக்கி ஓடுவதால் பெரும்பாலும் மறுநாளில்தான் இறங்குவீர்கள். சென்னை வருகை 25ஆம் தேதி அதிகாலை 2 மணி எனில், அழைத்து வரும் காருக்கு 24ஆம் தேதி இரவு என்றே எழுதிக் கொடுங்கள்.