பெரும்பாக்கத்துல இருந்துக்கிட்டே கோயம்பேடு ரேட்டுல காய் வாங்குறது எப்படி

இந்த பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டுக்கு மாத்தி விடுறதுக்கு முன்னாடி, கூவம் ஓரத்துல இருந்தப்போ காலையில நடந்து போய் காய் வாங்கினவங்கதான் நம்ம பிளாக்ல நெறைய பேர், இப்போ கோயம்பேடு மொத்த மார்க்கெட்டுக்குப் போகணும்னா மெட்ராஸையே குறுக்க கடக்கணும். கீழ தள்ளுவண்டிக்காரர் ஜாஸ்தி சொல்றாருன்னு திட்டி பிரயோஜனம் இல்ல, அவரும் அங்கேர்ந்துதான் தூக்கிட்டு வர்றாரு, வண்டி வாடகை, அழுகல் எல்லாம் அந்த விலைக்குள்ளதான் இருக்கு. பல வீடு ஒண்ணா சங்கமா சேர்ந்து, வாரம் ஒரு தடவ மொத்தமா வாங்கிட்டு வந்து, அந்த வாடகைய நாமளே பிரிச்சுக்கிட்டா போதும்.

20 வீடு சேராம ஆரம்பிக்காதீங்க. குட்டியானை, அதான் சின்ன லோடு வண்டி, வாடகை 1,000 ரூபான்னு வெச்சுக்கோங்க, வீட்டுக்கு 50 ஆச்சு, 40 வீடுன்னா 25தான். 50 கிலோ வெங்காய மூட்டைய 20 வீட்டுக்குப் பிரிச்சா ரெண்டரை கிலோ வரும். காச சனிக்கிழமை கூலி கைக்கு வந்த உடனே வாங்கிடுங்க, "அப்புறம் தரேன்க்கா"ன்னா சிரிச்சுக்கிட்டே அடுத்த வாரம் சேர்ந்துக்கோன்னு சொல்லிடுங்க, ஒரு தடவ கடன் விட்டா சங்கமே காலி.

மார்க்கெட்டுக்கு ரெண்டு பேர் போங்க, ஒருத்தர் பேரம் பேச, ஒருத்தர் மூட்டைக்குக் காவல். விடியறதுக்குள்ள நல்ல சரக்கு போயிடும், எட்டு மணிக்கு மேல ரேட் எறங்கும், ஆனா கெடைக்கிறது மிச்சம் மீதிதான். பெட்டியில மேலாப்புல பாத்து ஏமாறாதீங்க, அடியில கைய விட்டுப் பாருங்க. நான் மொத தடவ பழுத்த தக்காளி சீப்பா இருக்கேன்னு ரெண்டு பெட்டி எடுத்து, அது மேலயே வெங்காயத்த ஏத்தி, வீடு வந்து பாத்தா பாதி சட்னி. தக்காளி செங்காயா எடுங்க, மூட்டையெல்லாம் அடியில, தக்காளி கடைசியா மேல. உருளை, வெங்காயம், பீட்ரூட், கேரட், பூசணி இதுங்கதான் மொத்தமா வாங்க தோது. கீரைய அங்கேர்ந்து கொண்டு வராதீங்க, வெயில்ல வாடிடும், கீழ கூடையில விக்கிற ஆயாகிட்டயே வாங்குங்க, அவங்க பொழப்பும் ஓடணும்ல.

பிரிக்கிறப்போ எல்லார் கண்ணு முன்னாடி தராசுல போடுங்க, மார்க்கெட்ல குடுத்த பில் சீட்ட செவுத்துல ஒட்டிடுங்க, இல்லன்னா சாயங்காலமே பஞ்சாயத்துதான். லிஃப்ட் ஓடாத அன்னிக்கு மேல் மாடி பெரியவங்க பைய பசங்ககிட்ட குடுத்து விடுங்க. அடிபட்டது, மீந்தது எல்லாத்தையும் அன்னிக்கே கூறு கட்டி பத்து ரூபான்னு வித்து, வர்ற காச அடுத்த வார வாடகையில கழிச்சுக்கோங்க.