பத்து வீட்டை வரிசையில் நிறுத்துங்கள்

கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் உதவித்தொகைப் படிவம் எது வந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். லாரி கம்பெனியில் முப்பத்தோர் ஆண்டு கணக்குக் கிராணியாக இருந்தவள் என்பதால் கிடைத்த பதவி இது. சம்பளம் கிடையாது, தீபாவளிக்கு முறுக்கு வரும். எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, நான் பி40ஆ, எம்40ஆ?" மலேசியாவில் வருமான வரிசையின் கீழ் 40 விழுக்காட்டை பி40 என்றும் நடு 40 விழுக்காட்டை எம்40 என்றும் சொல்வார்கள்.

ஒரு முறை தவறாகப் பதில் சொல்லிவிட்டேன். கீழ்மாடிப் பையனுக்கு மாதம் 3,000 வெள்ளி, அதாவது ரிங்கிட். "பி40தான் தம்பி, எழுது" என்றேன். படிவம் திரும்பி வந்துவிட்டது. அப்பா, அம்மா, தங்கை என்று அந்த வீட்டில் இன்னும் மூவர் வேலைக்குப் போகிறார்கள். நால்வருடையதையும் கூட்டினால் 9,600. பி40 என்பது ஆளுக்கு ஒட்டும் பெயர் அல்ல, வீட்டுக்கு ஒட்டும் பெயர். ஊருக்கே கணக்கு பார்ப்பவள் இதைக் கோட்டைவிட்டேன் என்று இரண்டு நாள் எனக்கே வெட்கமாக இருந்தது. அதன் பிறகு, கேட்டு வருபவர்களுக்கு நேரடியாகப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு ஒரு தாளையும் பென்சிலையும் கொடுக்கிறேன்.

தாளில் பத்து வீடுகளை எழுதுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் எல்லோருடைய வருமானமும் சேர வேண்டும்: அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், அலவன்ஸ், வாரக் கடைசியில் போடும் நாசி லெமாக் கடை, மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் பணம். வரி, சேமநிதி பிடிப்பதற்கு முந்தைய தொகையாக இருக்கட்டும். நம் புள்ளிவிவரத் துறை சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு, அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தால் என்ன கொடுக்க வேண்டியிருக்குமோ அதையும் வருமானமாகச் சேர்க்கிறது. கையில் காசாக வராததை வருமானம் என்று சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. கடன் முடிந்த வீட்டில் இருப்பவரும் மாதம் ஆயிரம் வெள்ளி வாடகை கொடுப்பவரும் ஒரே சம்பளம் வாங்கினால் இருவரும் சமமா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பிறகு குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசைப்படுத்துங்கள். என் தாளில் இருப்பது இது: 1,800, 2,600, 3,200, 3,900, 4,700, 5,500, 6,400, 7,900, 10,000, 24,000. அக்கம்பக்கத்து வீடுகளை ஒட்டியவைதான். ஆனால் யார் என்று தெரியக்கூடாது என்பதற்காகவும், நாட்டு நிலவரத்துக்கு ஒத்துவர வேண்டும் என்பதற்காகவும் எண்களைத் தட்டிச் சரிசெய்திருக்கிறேன்.

மொத்தம் 70,000. பத்தால் வகுத்தால் சராசரி 7,000. இப்போது அந்த வரிசையில் விரலை வைத்துப் பாருங்கள்: ஏழு வீடுகள் சராசரிக்குக் கீழே! ஐந்தாம் ஆறாம் வீடுகளுக்கு நடுவில் நிற்கும் எண், அதாவது இடைநிலை, 5,100தான். பத்தாம் வீட்டுக்காரருக்கு வருமானம் இரட்டிப்பானால் சராசரி 9,400 ஆகிவிடும். இடைநிலை இம்மியும் அசையாது. ஆகவே எந்த நாட்டைப் பற்றிப் படித்தாலும் முதலில் இடைநிலையைத் தேடுங்கள். மலேசியாவில் 2022ஆம் ஆண்டு குடும்ப வருமானக் கணக்கெடுப்பில் சராசரி 8,479 ரிங்கிட், இடைநிலை 6,338 ரிங்கிட். கோலாலம்பூரில் மட்டும் இடைநிலை 10,234, கிளந்தானில் 3,614. அந்த ஆண்டு பி40 பிரிவின் மேல்வரம்பு 5,250 ரிங்கிட்டை ஒட்டி இருந்தது. ஆக, மாதம் 6,000 வரும் செந்தூல் குடும்பம் நாட்டளவில் எம்40, ஆனால் கோலாலம்பூர் வீடுகளை மட்டும் நிறுத்தினால் கீழ்ப்பாதி. இரண்டும் உண்மைதான். எந்த வரிசையில் நிற்கிறோம் என்று கேட்காமல் "நான் நடுத்தரம்" என்று சொல்வதில் பொருளில்லை.

அடுத்தது பங்கு. கீழிருந்து நான்கு வீடுகளைக் கூட்டுங்கள்: 11,500, மொத்தத்தில் 16.4 விழுக்காடு. நடு நான்கு வீடுகளுக்கு 35. மேல் இரண்டுக்கு 48.6. 2022இல் நாட்டுக் கணக்கு முறையே 16.1, 37.6, 46.3.

இதையெல்லாம் ஒரே எண்ணாகச் சுருக்கியவர் கொராடோ ஜினி என்ற இத்தாலியப் புள்ளியியலாளர், ஆண்டு 1912. எல்லோருக்கும் ஒரே வருமானம் என்றால் பூஜ்யம், ஒருவரே எல்லாவற்றையும் அள்ளினால் ஒன்று. கணினி வேண்டாம், கையாலேயே போடலாம். ஒவ்வொரு வருமானத்தையும் அதன் வரிசை எண்ணால் பெருக்குங்கள்: 1,800ஐ ஒன்றால், 2,600ஐ இரண்டால், இப்படியே 24,000ஐப் பத்தால். எல்லாவற்றையும் கூட்டினால் 526,700. இரட்டித்தால் 1,053,400. இதை, வீடுகளின் எண்ணிக்கையை மொத்த வருமானத்தால் பெருக்கி வரும் 700,000ஆல் வகுங்கள்: 1.505. பத்து வீடுகளுக்கு 1.1 (பதினொன்றைப் பத்தால் வகுத்து வருவது) கழியுங்கள். வருவது 0.405. மலேசியாவுக்கு 2022இல் வந்தது 0.404. வரிசை எண்ணை மேலிருந்து கீழாகப் போட்டுவிட்டால் விடை எதிர்மறையாக வரும், எனக்கும் வந்திருக்கிறது.

இன்னொரு பெருக்கல் வகுத்தலும் உண்டு. ஏழாம் வீட்டில் 6,400, நான்கு பேர். நான்காம் வீட்டில் 3,900, தனி ஆள். பணக்கார நாடுகளின் ஓஇசிடி அமைப்பு குடும்ப வருமானத்தை, தலைகளின் எண்ணிக்கையால் அல்ல, அதன் வர்க்கமூலத்தால் வகுக்கிறது. நால்வருக்கு நாலு ஃபிரிட்ஜ் தேவையில்லையே. அப்படிச் செய்தால் ஏழாம் வீட்டுக்கு 3,200, நான்காம் வீட்டுக்கு 3,900. இடம் மாறிவிட்டது. நாடுகளை ஒப்பிடும்போது ஒரு பட்டியல் குடும்பத்தை எண்ணியதா, தலையை எண்ணியதா என்று பார்க்காவிட்டால் இந்தக் குழப்பம்தான் மிஞ்சும்.

இப்போது வெளிநாடு. தென்னாப்பிரிக்காவின் ஜினி எண் 0.63, உலக வங்கிப் பட்டியலில் அது 2014ஆம் ஆண்டுக்கானது. அமெரிக்கா 0.41ஐ ஒட்டி, சுலோவாக்கியா 0.24. போன ஆண்டு மதுரையிலிருந்து என் மாமா மகன் தொலைபேசியில் மார்தட்டினான்: "அக்கா, இந்தியா 0.255, உங்கள் ஊரைவிட நாங்கள் சமம்." எண் சரிதான், 2022-23க்கு உலக வங்கி போட்டதுதான். ஆனால் இந்தியாவில் கேட்டது எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று அல்ல, எவ்வளவு செலவழித்தீர்கள் என்று. பத்து மடங்கு சம்பாதிப்பவர் பத்து மடங்கு சோறு சாப்பிடுவதில்லை. மீதி வங்கிக்கும் நிலத்துக்கும் போகும், செலவுக் கணக்கில் தெரியாது. நம்முடையது வருமானக் கணக்கு. வருமானத்தை வைத்துப் பார்த்த 2022 உலகச் சமத்துவமின்மை அறிக்கை, இந்தியாவில் மேல் பத்து விழுக்காட்டினர் மொத்தத்தில் 57 விழுக்காடு பெறுவதாகச் சொல்கிறது. சொன்னேன். வேறு பேச்சுக்குத் தாவிவிட்டான்.

நாணயத்தை மாற்றும்போதும் எச்சரிக்கை. 2022இல் அமெரிக்கக் குடும்பங்களின் இடைநிலை ஆண்டுக்கு 74,580 டாலர், மாதம் 6,215. அந்த ஆண்டின் நாணயமாற்றுக் கடை விலையில் 27,000 ரிங்கிட்டுக்கு மேல் போய் மயக்கம் வரும். ஆனால் அங்கே ஒரு டாலருக்கு வாங்கும் பொருளை இங்கே ஏறத்தாழ ஒன்றரை ரிங்கிட்டுக்கு வாங்கலாம் என்பது உலக வங்கியின் வாங்குதிறன் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

கடைசியாகப் பட்டியலின் அடிக்குறிப்பைப் படியுங்கள்: யாரை எண்ணினார்கள்? நம் கணக்கெடுப்பு குடிமக்களின் வீடுகளைத்தான் எண்ணுகிறது. எங்கள் மாடியில் பதினொன்றாவது கதவு ஒன்று இருக்கிறது. வங்காளதேசத் தொழிலாளர்கள் எட்டுப் பேர், வாசலில் எட்டு ஜோடி பூட்ஸ். என் தாளிலும் அவர்களை நான் எழுதவில்லை. நீங்கள் சேர்ப்பதாக இருந்தால், கழிக்க வேண்டியது 1.1 அல்ல, பன்னிரண்டைப் பதினொன்றால் வகுத்து வருவது.