பழைய பெஞ்ச் வைஸை விற்கும் முன் பெயின்ட் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். பழைய வைஸ் (மேசையில் பொருத்தி, இரண்டு தாடைகளுக்கு நடுவே பொருளை இறுகப் பிடிக்கும் கருவி) தேடி வாங்குபவர் புதுப் பெயின்ட்டைக் கண்டதும் முதலில் சந்தேகப்படுவது, அதற்கடியில் விரிசலோ வெல்டிங் ஒட்டோ இருக்குமோ என்றுதான். வார்ப்பிரும்பில் விரிசல் விழுந்தால் விலை பாதாளத்துக்குப் போய்விடும் என்பதால் அந்தப் பயம் நியாயமானதே.

சுத்தம் மட்டும் செய்யுங்கள். கைப்பிடியைத் திருகி, நகரும் தாடையை முழுவதும் வெளியே எடுங்கள். திருகின் மரையில் இறுகிக் கிடக்கும் பழைய கிரீஸும் இரும்புத் தூளும் மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறினால் பிரஷுக்கு வந்துவிடும். துருவைப் பித்தளைக் கம்பி பிரஷால், எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். இரும்பு தேய்க்கும் கிரைண்டர் மெஷின் வேண்டவே வேண்டாம். வார்ப்பில் உள்ள பெயரும் மாடல் எண்ணும் மழுங்கிவிடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், அதனால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். கடைசியில் வைஸின் உடம்புக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, மரைக்குப் புது கிரீஸ்.

முன்பே யாரோ கன்னாபின்னாவென்று பூசியிருந்தால் மட்டும் தூசி கிளப்பாமல் சுரண்டிவிட்டு ஒரே நிறத்தில் அடிக்கலாம். அப்போதும் தாடை முகம், சறுக்கும் தண்டு, மரை மூன்றிலும் பெயின்ட் படக்கூடாது. தண்டில் பட்டால் வைஸ் இறுகி நகராது.

படத்தில் தாடையை முழுக்க விரித்தும், அடிப்பக்கத்தைத் திருப்பியும் காட்டுங்கள். தாடை அகலம், விரியும் தூரம், எடை மூன்றையும் எழுதுங்கள். தாடைத் தகட்டின் ஸ்க்ரூ ஒன்று குறைந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.