கதை முடிந்ததும் "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்காதீர்கள்

கதையைப் படித்துக் காட்டி முடித்த கையோடு பெரியவர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சரி, இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" குழந்தையும் "பொய் சொல்லக் கூடாது" என்று ஒப்பிக்கும். அது மனதிலிருந்து வந்த பதிலா, கேட்டவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன பதிலா என்று யாருக்கும் தெரியாது. சிறுவர் நூல்கள் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் முதலாவதாக இதைத்தான் சொல்வேன். பாடத்தை விட்டுவிட்டுக் கதையைப் பற்றிப் பேசுங்கள். "அவன் ஏன் அப்பாவிடம் சொல்லப் பயந்தான்?" என்று கேட்டால் குழந்தை யோசிக்கும். ஒன்றுமே கேட்காமல் விட்டாலும் குறையில்லை. இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது அதுவாகவே அந்தக் கதையை எடுக்கும்.

அடுத்தது, பயமுறுத்தினால் பிள்ளை திருந்தும் என்ற நம்பிக்கை. 2014-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீயும் சக ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 3 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம், முதுகுக்குப் பின்னால் இருக்கும் பொம்மை எது என்று அதன் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நடுவில் பெரியவர் வெளியே போவார். போகும்போது "திரும்பிப் பார்க்கக் கூடாது" என்பார். வந்ததும் ஒரு கதை படிப்பார். அதற்குப் பிறகுதான் "பார்த்தாயா?" என்று கேட்பார். பொய் சொன்னவனை நம்பாமல் ஊர் கைவிட்ட "புலி வருது" வகைக் கதையும், பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மை பினோக்கியோவின் கதையும் குழந்தைகளைக் கூடுதலாக உண்மை பேச வைக்கவில்லை. பின்னாளில் அமெரிக்காவின் முதல் அதிபரான ஜார்ஜ் வாஷிங்டன், சிறுவனாகச் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒப்புக்கொண்டு பாராட்டு வாங்கும் கதைதான் பலன் தந்தது. அதே கதையில் நல்ல விளைவை எடுத்துவிட்டுக் கெட்ட விளைவை வைத்தபோது அந்தப் பலனும் போய்விட்டது.

எனக்கு இதில் வியப்பில்லை. பொய் சொன்னவன் படும் பாட்டை மட்டும் கேட்ட குழந்தைக்கு, உண்மையைச் சொன்னால் தனக்கு என்ன ஆகும் என்று எப்படித் தெரியும்? பினோக்கியோ கதை 1881-ல் ஒரு சிறுவர் வார இதழில் தொடராக வந்தபோது, அந்த மரப்பொம்மையை மரத்தில் தூக்கில் தொங்கவிட்டே கதையை முடித்திருந்தார் அதை எழுதிய இத்தாலியர் கார்லோ கொல்லோடி. கதை அப்புறம்தான் நீண்டது.

நல்ல குணம் என்றாலே விலங்குக் கதைதான் என்று இருந்துவிடுவதும் சரியில்லை. 2017-ல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வில், பகிர்ந்துகொள்வது பற்றிய கதையை மனிதப் பாத்திரங்களோடு கேட்ட குழந்தைகள் தங்கள் ஸ்டிக்கர்களை முன்பைவிட அதிகமாகக் கொடுத்தார்கள். மனிதர்போல் நடக்கும் விலங்குகளை வைத்துச் சொன்னபோது அப்படி நடக்கவில்லை. விலங்குக் கதைகளை ஒதுக்க வேண்டாம், அவற்றின் சுகமே தனி. ஆனால் தன்னைப்போலவே பள்ளிக்குப் போகிற, தம்பியோடு சண்டை போடுகிற பாத்திரங்களும் குழந்தைக்கு வேண்டும்.

சோகமான பக்கங்களைத் தாண்டிப் படிப்பது அன்பினால் செய்யும் தவறு. ஈ. பி. வைட் 1952-ல் எழுதிய 'சார்லட்ஸ் வெப்' நூலில், பன்றிக்குட்டியைக் காப்பாற்றிய சிலந்தி பக்கத்தில் யாருமே இல்லாமல் செத்துப்போகிறது. அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டால், அதன் முட்டைப் பையைப் பன்றி பத்திரமாகக் கொண்டுபோவது ஏன் நெஞ்சைத் தொடுகிறது என்றே குழந்தைக்குப் புரியாது. அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

பதின்வயதினருக்கான நூல்களில் தவறு வேறு மாதிரி. கத்தி, சிகரெட், கெட்ட வார்த்தை என்று எண்ணிப் பார்த்தே புத்தகத்தைத் தள்ளிவிடுகிறோம். எஸ். இ. ஹிண்டன் 'தி அவுட்சைடர்ஸ்' எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. 1967-ல் நூல் வெளிவந்தபோது 18. அதில் இரு கும்பல்களின் சண்டை இருக்கிறது, கொலையும் இருக்கிறது. பெற்றோர் இல்லாத மூன்று அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் விடாமல் பிடித்துக்கொள்வதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அட்டையைத் திருப்பி நாலு வரி படித்தால் இது தெரியாது. தடுப்பதற்கு முன் முழுதாகப் படியுங்கள், படித்துவிட்டுப் பிள்ளையோடு வாதாடுங்கள். "அவன் செய்தது தப்பு" என்று நீங்கள் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், அவன் பக்கம் நின்று பேசப் பிள்ளைக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அப்படிப் பேசும்போது அவர்கள் தங்களைப் பற்றியும் நிறையச் சொல்லிவிடுவார்கள். அதை வைத்துப் பிறகு குத்திக்காட்ட மட்டும் கூடாது.