மூன்று மணித்தியாலம் எழுதக் கையைப் பழக்குவது எப்படி

கம்பஸில் எனது முதலாம் வருடம் கொரோனாவோடு போனது. கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு மாமரத்தடியில்தான் சிக்னல் இரண்டு கோடு காட்டும். அங்கே கதிரையைப் போட்டு சூமில் விரிவுரை கேட்பேன். ஸ்லைட் எல்லாம் பி.டி.எஃப்பாக வட்ஸ்அப்புக்கு வந்துவிடும், பேனையைத் தொட வேண்டிய தேவையே இருக்கவில்லை. 2022இல் மண்டபத்தில் இருத்தி மூன்று மணித்தியாலப் பரீட்சை வைத்தார்கள். ஒன்றேகால் மணித்தியாலத்தில் பெருவிரல் அடி விறைத்துவிட்டது. ஐந்தாம் கேள்விக்கு விடை தெரியும், கைதான் வரவில்லை. அந்தப் பாடம் ரிப்பீட்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை, இப்போது கம்பஸ் போகும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் எழுதிய தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து புடைத்துத் தட்டுப்பட்டால் அழுத்தம் கூட. கை உளைவுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். என் தாள்கள் பிரெய்ல் புத்தகம் மாதிரி இருந்தன. பேனையைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் விட்டு, பெருவிரலைச் சும்மா சாய்த்து எழுதிப் பாருங்கள். இறுக்கிப் பிடிக்க வராது. முதல் இரண்டு நாள் கோழி கிளறியது போலத்தான் இருக்கும், பரவாயில்லை.

பிறகு பயிற்சி. முதல் நாள் பத்து நிமிடம், ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். பதினோராவது நாள் ஒரு மணித்தியாலம் வரும். பழைய வினாத்தாள் கேள்வி ஒன்றை எடுத்து நிறுத்தாமல் எழுத வேண்டும், சும்மா பார்த்து எழுதுவதில் பயனில்லை. தாள் விலை ஏறிக் கிடந்த வருடம் அது. பழைய டியூட்களின் (வகுப்பில் தரும் அச்சுக் குறிப்புத் தாள்கள்) வெறும் பக்கத்தில்தான் எழுதினேன்.

விரிவுரையில் ஸ்லைட்டை அப்படியே கொப்பியில் இறக்காதீர்கள். அதுதான் பி.டி.எஃப்பாக வருகிறதே. ஸ்லைட்டில் இல்லாததை மட்டும் எழுதுங்கள். 'எவப்போட்ரான்ஸ்பிரேஷன்' என்று ஒரு சொல் வந்தபோது எனக்கு வாயிலேயே நுழையவில்லை. ஓரத்தில் 'மண்ணில் காய்கிற தண்ணீர் + பயிர் மூச்சாய் விடுகிற தண்ணீர். மழை குறைந்த சிறுபோகத்தில் அப்பா வாய்க்காலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது இதனால்தான்' என்று எழுதினேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிறவரின் பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

2014இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் சொன்னதைச் சொன்னபடியே தட்டினார்கள், விளங்கி எழுத வேண்டிய கேள்விகளில் கையால் எழுதியவர்களை விடப் பின்தங்கினார்கள். 2019இல் வேறு சிலர் அதைத் திரும்பச் செய்தபோது வித்தியாசம் அவ்வளவு துலக்கமாக வரவில்லை. ஆகவே கையெழுத்தில் ஏதோ மந்திரம் இருக்கிறதென்று நான் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் எழுத முடியாததால் எது முக்கியம் என்று அந்த இடத்திலேயே தீர்மானிக்க வேண்டி வருகிறது, எனக்கு உதவியது அதுதான்.

இரவில் கொப்பியை மூடி வைத்துவிட்டு நினைவில் நிற்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். விட்டுப்போனதைக் கொப்பி பார்த்துச் சிவப்புப் பேனையால் நிரப்புங்கள். பரீட்சைக்கு முதல்நாள் அந்தச் சிவப்பு மட்டும் போதும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோது போன் செத்துக் கிடந்தது, மெழுகுதிரி வெளிச்சத்தில் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

போனை விரோதியாக்க வேண்டாம். அன்றன்று எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஒரு மாரியில் பஸ் தரிப்பிடத்திலேயே என் பை நனைந்தது. ஜெல் பேனையால் எழுதிய பக்கமெல்லாம் நீலக் குளம். சாதாரண குமிழ்முனைப் பேனையால் எழுதியது வெயிலில் காயவைத்ததும் வாசிக்க வந்தது. கார்த்திகை, மார்கழியில் ஜெல் பேனையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.